கிட்டங்கியாக, பள்ளியாக, மணமண்டபமாக: கீழக்கரை மாளிகை ஒன்றின் பயன்பாடுகளும் மீட்பும் குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருள்

கீழக்கரையின் பழைய தெருக்களில் ஒன்றில், பவளப்பாறைக் கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டப்பட்ட மாடி வீடு ஒன்று நான்கு தலைமுறைகளாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்து வருகிறது. அதை இடித்து மனையாக விற்பதா, தேக்கு உத்தரங்களையும் கதவுகளையும் மட்டும் பெயர்த்து விற்பதா, பழுதுபார்த்து வேறொரு பயனுக்குக் கொண்டுவருவதா என்று குடும்பத்தார் முடிவெடுக்க வேண்டிய நிலை வந்தபோது, ஒரு கட்டடப் பொறியாளரும், சுண்ணாம்பு வேலையில் தேர்ந்த ஒரு தலைமைக் கொத்தனாரும், வீட்டின் வரலாற்றைத் தொகுக்கும் பொறுப்பில் நானும் அழைக்கப்பட்டோம். குடும்பத்தாரின் ஒப்புதலுடன் எழுதப்படும் இப்பதிவில் பெயர்களும் வீட்டை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

இராமநாதபுரம் கடற்கரையில் இத்தகைய வீடுகள் வேகமாகக் குறைந்து வருகின்றன. கடற்காற்றும் உப்பும்தான் காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் இந்த வீடு ஒவ்வொரு காலத்திலும் எதற்குப் பயன்பட்டதோ, அந்தப் பயன்பாடே சுவரிலும் கூரையிலும் தன் சேதத்தை விட்டுச் சென்றிருந்தது. வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டறிந்த பிறகே எங்கே எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது விளங்கியது. இதே நிலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பின்னணி: ஊரும் வீடும்

மன்னார் வளைகுடாவை நோக்கிய பழைய துறை கீழக்கரை. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிழவன் சேதுபதியின் காலத்தில், சீதக்காதி என்று தமிழுலகம் போற்றும் செய்கு அப்துல் காதிறு மரைக்காயர் இங்கிருந்து கப்பல் வாணிகம் நடத்தினார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை அவர் ஆதரித்த செய்தியை இன்றும் ஊரில் சிறுவர்கள்கூடச் சொல்வார்கள். இராமநாதபுரம் 1772-இல் கிழக்கிந்தியக் கும்பினிப் படையிடம் வீழ்ந்து 1803-இல் ஜமீனாக நிலைப்படுத்தப்பட்ட பிறகும் இக்கரையின் சங்குப் படுகைகளைக் குத்தகைக்கு விடும் உரிமை ஜமீனிடமே இருந்தது. குளித்தெடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் அங்கே வளையாக அறுக்கப்பட்டது. அரிசியும் துணியும் கருவாடும் தோணி ஏறிக் கொழும்புக்குப் போயின.

நாம் பேசும் வீடு இந்த வாணிகத்தின் செழிப்பில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுந்தது. சுவர்கள் இரண்டரை அடிக் கனம். முன்புறம் உயர்ந்த திண்ணை, நடுவில் திறந்த முற்றம், முற்றத்தின் வடக்கே நீண்ட கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) அறைகள், பின்கட்டில் சமையலும் பெண்களின் புழக்கமும், மேலே காற்றோட்டமான மச்சு. மாடித் தளம் மெட்ராஸ் டெரஸ் முறையில் ஆனது. பர்மாத் தேக்குக் கட்டைகளை வரிசையாக இட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டில் சாய்வாக நிறுத்தி, அதன்மேல் செங்கல்ஜல்லிக் கலவையைத் திமிசுக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதித்திருந்தார்கள்.

கீழக்கரை மரைக்காயர் குடும்பங்களில் மணமான பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பதும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதும் வழக்கம். ஆகவே வீடு பெண்மக்கள் வழியே கைமாறும். இந்த வீடும் அவ்வாறே தாயிடமிருந்து மகளுக்கு, பெரும்பாலும் வாய்மொழி ஹிபாவாக (கொடையாக) வந்தது. முஸ்லிம் சட்டப்படி, கொடுப்பவர் சொல்லி, பெறுபவர் ஏற்று, அனுபவத்தை ஒப்படைத்தால் ஹிபா செல்லும். பத்திரம் எழுதியே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் வருவாய்ப் பதிவுகளில் வீடு கட்டிய பெரியவரின் பெயரே தொடர்ந்தது. பின்னால் வந்த சிக்கல்களில் பாதிக்கு இதுவே வேர்.

பயன்பாடுகள் மாறிய வரிசை

கீழ்த்தளத்தின் வடக்கு அறைகள் முதலில் சங்குக் கிட்டங்கிகளாக இருந்தன. கரையில் குழியிலிட்டுச் சதை அழுகவிட்டுக் கழுவிய சங்குகள் இங்கே தரம் பிரித்துக் குவிக்கப்பட்டன. தரையில் வழிந்த உப்பு நீர் முற்றத்து வாய்க்காலில் ஓடிப்போகும்படி தளத்துக்கு வாட்டம் கொடுத்திருந்தார்கள். உப்பான சரக்கை உப்பு உறிஞ்சும் கல்லுக்குள் வைக்க வேண்டியிருந்ததால், நீர் தேங்காமலும் காற்று நிற்காமலும் பார்த்துக்கொண்ட அந்தக் கட்டுமானத் திறனை நான் மிகவும் மதிக்கிறேன்.

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் இணைப்புடன் போட் மெயில் ரயில் ஓடத் தொடங்கியது. கீழக்கரைக்கு ரயில் வரவில்லை. தோணிச் சரக்கு குறைந்தது. குடும்பத்து ஆண்கள் கொழும்பில் கடை வைத்து அங்கேயே ஆண்டின் பெரும்பகுதியைக் கழித்தனர். கிட்டங்கியில் சங்கு குறைய, கணக்குப் பெட்டிகளும் வீட்டுத் தானியமும் அந்த இடத்தைப் பிடித்தன. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அங்கிருந்த கிளைக் குடும்பங்கள் ஊர் திரும்பின. மச்சில் ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று அடைந்து கிடந்த அந்த மாதங்களைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

1948-இல் இலங்கை விடுதலை பெற்று, அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டமும் வந்தபின், அங்கே வாணிகம் செய்த இந்தியர்களின் நிலை ஆண்டுக்கு ஆண்டு இறுகியது. வீட்டுக்கு வரும் பணம் குறைந்தது. வாடகை தேவைப்பட்டது. முன்கட்டு ஒரு தொடக்கப்பள்ளிக்கு விடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் அது பள்ளியாக இருந்தது. தினமும் கூட்டிப் பெருக்கினார்கள், ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளையடித்தார்கள், சன்னல்களைத் திறந்தே வைத்தார்கள். வீட்டுக்கு மிகக் குறைந்த சேதம் விளைந்த காலம் இதுவே. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலின்போதும் இந்தக் கூரை தாங்கியது.

1970-களில் பள்ளி வேறிடம் போனது. வடக்கு அறைகளில் பெரியதை ஓர் உரவியாபாரி சில ஆண்டுகள் வாடகைக்கு எடுத்தார். அதைத் தொடர்ந்து வளைகுடா நாட்டு வருமானம் வந்தது. குடும்பத்தின் இளையவர்கள் பக்கத்துத் தெருக்களில் கான்கிரீட் வீடு கட்டிப் போயினர். 1990-களில் வீடு சில காலம் திருமண விருந்துகளுக்கு வாடகைக்கு விடப்பட்டது. சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிர்வது பார்வைக்கு நன்றாக இல்லை என்று நான்கடி உயரத்துக்குச் சிமென்ட் பூசி, முற்றத்தின்மேல் தகரக் கூரை போட்டு, தரையில் பளபளப்பான டைல்ஸ் பதித்தார்கள். ஊரில் புதிய மண்டபங்கள் வந்ததும் அதுவும் நின்றது. பிறகு பின்கட்டில் ஒரு மூதாட்டி மட்டும் இருந்தார். அவர் காலமானபின் வீடு பூட்டப்பட்டது.

முடிவெடுக்க வேண்டிய சூழல்

மழைக்காலம் ஒன்றில் மச்சின் தென்பகுதித் தளத்தில் இரண்டு கட்டைகள் சுவருக்குள் இருந்த முனையில் முறிந்து தொங்கின. அதற்குள் பங்குதாரர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களாகப் பெருகியிருந்தனர். சென்னையிலும் கொழும்பிலும் துபாயிலும் இருந்தவர்களில் சிலர் வீட்டைப் பார்த்தே பல ஆண்டுகள் ஆகியிருந்தன. காரைக்குடிப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் கதவு, நிலை, தூண், உத்தரம் அனைத்துக்கும் ஒரே தொகையாக விலை சொல்லியிருந்தார். மனை வாங்க விரும்பியவர்களும் இருந்தனர். இளைய பங்குதாரர் ஒருவர், செட்டிநாட்டு மாளிகைகளைப் போல இதையும் தங்கும் விடுதியாக்கலாம் என்று வரைபடத்துடன் வந்தார்.

பேச்சு முழுவதும் ஆண்களிடையே நடந்தது. ஆனால் உரிமையின் பெரும்பகுதி மூன்று சகோதரிகளிடமும் அவர்களின் மகள்களிடமும் இருந்தது. அவர்களில் மூத்தவரை எல்லாரும் பெரிய ராத்தா (பெரிய அக்கா) என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

கண்டறிந்தவை

பொறியாளர் முதலில் கவனித்த முரண்பாடு ஒன்று உண்டு. கடலை நோக்கிய தெற்குச் சுவர்தான் மோசமாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது உப்புச் சாரல் நேரே வந்து படுவது அந்தச் சுவரில்தான். ஆனால் தெற்குச் சுவரில் மேல்பூச்சு மட்டுமே உதிர்ந்திருந்தது. வடக்கே, கடலுக்கு மறைவான பெரிய அறையில், கல்லே மாவாகக் கொட்டியது. கையை வைத்து அழுத்தினால் விரல் பதிந்தது. இடுப்பு உயரம் வரை சுவர் உள்வாங்கியிருந்தது.

பழைய சங்கு உப்பு என்று கொத்தனார் கருதினார். அப்படியானால் அதே வரிசையில் உள்ள மற்ற இரண்டு கிட்டங்கி அறைகளும் அதே நிலையில் இருக்க வேண்டும். அவை ஓரளவு நன்றாகவே இருந்தன. இந்தக் கேள்வி நிற்கும்போதுதான் பெரிய ராத்தாவிடம் ஒவ்வோர் அறையிலும் எந்தக் காலத்தில் என்ன இருந்தது என்று வரிசையாகக் கேட்டேன். அவர் தயங்காமல் சொன்னார்: "தம்பி, அந்த அறையிலதான் உர மூட்டை அடுக்கி வச்சிருந்தாக. வாப்பா மவுத்தாகி ரெண்டு மூணு வருசத்துல. மூட்டை நனைஞ்சு தரையெல்லாம் ஓடும். உம்மா எத்தனையோ தடவை சத்தம் போட்டாக. வாடகை வருதேன்னு யாரும் கேக்கல."

சுவரிலிருந்து வெவ்வேறு உயரங்களில் துளையிட்டு எடுத்த தூள் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. தெற்குச் சுவரிலும் மற்றக் கிட்டங்கிகளிலும் குளோரைடு, அதாவது கடலுப்பு, மிகுதியாக இருந்தது. பெரிய அறையில் அதனுடன் நைட்ரேட்டும் மிக அதிகமாக இருந்தது. ஈரப்பட்ட உரத்திலிருந்து கரைந்த உப்பு தரை வழியாக இறங்கிச் சுவரின் அடியில் ஏறியிருக்கிறது. நைட்ரேட் உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் இழுத்துக் கரைபவை. ஆகவே மழை இல்லாத நாளிலும் அந்தச் சுவர் முழுதும் உலர்வதில்லை.

உப்பு எப்படிச் சுவரை உடைக்கிறது என்பதைக் குடும்பத்தாருக்கு விளக்க வேண்டியிருந்தது. சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீர்த்துப்போகும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கடற்கரை ஊரில் ஈரப்பதம் இரவில் அந்த அளவுக்கு மேலேயும் வெயிலேறிய நேரத்தில் கீழேயும் போவது சாதாரணம். ஒவ்வொரு முறை படிகமாகும்போதும் கல்லின் நுண்துளைகளுக்குள் அழுத்தம் உண்டாகிறது. இது ஆண்டுக்கணக்கில் நடந்தால் எந்தக் கல்லும் பொடியாகும். பழைய காரைப்பூச்சு இந்த வேலையைத் தன்மேல் வாங்கிக்கொண்டது. ஈரம் அதன் வழியே வெளியேறியது, உப்பு அதிலேயே படிந்தது, பூச்சு உதிர்ந்தது, மறுபடி பூசினார்கள். கல் தப்பியது. 1990-களில் பூசிய சிமென்ட் அந்த வழியை அடைத்தது. வெளியேற முடியாத ஈரம் மேலே ஏறி, சிமென்ட் முடியும் நான்கடிக்கு மேல், அதுவரை நன்றாக இருந்த கல்லில் வெளிப்பட்டது. டைல்ஸ் பதித்த தரையும் அதே வேலையைச் செய்தது. தரை வழியே ஆவியாக வேண்டிய ஈரம் சுவரைத் தேடிப் போயிற்று.

முறிந்த கட்டைகளின் கதையும் இதைப் போன்றதே. மச்சுத் தளத்தின் கட்டை முனைகள் சுவருக்குள் நுழையும் இடத்தில், காற்றுப் போக இடம் விட்டுத்தான் முதலில் கட்டியிருந்தார்கள். விருந்து நடந்த காலத்தில் பல்லியும் எலியும் வருகின்றன என்று அந்த இடைவெளிகள் அனைத்தும் சிமென்டால் அடைக்கப்பட்டன. முற்றத்துத் தகரம் வெப்பக் காற்று மேலே போவதைத் தடுத்தது. தேக்கு முனைகள் ஈரத்தில் உளுத்தன. கரையான் பின்னால் வந்தது. மரத்தின் நடுப்பகுதி இன்றும் உளி இறங்காத அளவு திடமாக இருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, எப்படிப் பழுதுபார்ப்பது என்பதற்கு முன், வீடு இனி எதற்கு என்பதைத் தீர்மானிப்பது. பொறியாளரின் கருத்தில் இது வழக்கமான வரிசைக்கு மாறானது. ஆனால் முந்தைய சேதங்கள் அனைத்தும் வீடு தாங்காத பயன்பாட்டை அதன்மேல் ஏற்றியதால் வந்தவை என்பது தெளிவான பிறகு வேறு வழியில்லை.

விடுதி யோசனை விரிவாகப் பேசப்பட்டது. பணம் வரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அறைக்கு ஒரு குளியலறை என்றால் நீர்க்குழாய்களும் கழிவுக்குழாய்களும் பவளக்கல் சுவருக்குள் போக வேண்டும். ஒரு கசிவு போதும், ஓர் அறையை இழக்க. நல்ல தண்ணீருக்கு ஊரே தவிக்கும்போது விடுதிக்கு அது எங்கிருந்து வரும் என்று பெண்கள் கேட்ட கேள்விக்கு யாரிடமும் விடையில்லை. அந்தத் தெருவில் பின்கட்டு வாசல்கள் ஒன்றுக்கொன்று திறக்கும். அயலார் தங்கும் இடமாக நடுவீடு மாறினால் அக்கம்பக்கத்துப் பெண்களின் நடமாட்டமே முடங்கும். செட்டிநாட்டு ஊர்களின் அகன்ற தெருக்களில் சரிப்பட்டு வந்த ஒன்றை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பதே என் உறுதியான எண்ணமும்.

அருங்காட்சியகம் என்ற யோசனையும் வந்தது. இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தை, அதன் 18-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களோடு, குடும்பத்தினர் சிலர் போய்ப் பார்த்து வந்தனர். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அரசுப் பணத்தில் நிற்பது. ஒரு குடும்பம் தன் சேமிப்பில் அவ்வாறு நடத்த இயலாது.

சந்ததியினர் பயன்பெறும் நிலையான அறக்கொடையான குடும்ப வக்ஃபு ஆக்குவதும் எண்ணிப் பார்க்கப்பட்டது. சந்ததியினருக்கான வக்ஃபு செல்லும் என்பதை 1913-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்திருந்தது. ஒருமுறை செய்தால் திரும்பப் பெற முடியாது என்பதாலும், பணமாகப் பங்கு கேட்டவர்கள் இருந்ததாலும் அது கைவிடப்பட்டது.

பெரிய ராத்தாவின் யோசனையே இறுதியில் ஏற்கப்பட்டது. பள்ளி இருந்த முன்கட்டைப் பெண்களுக்கான படிப்பகமாகவும், மாலையில் மாணவியர் அமர்ந்து படிக்கும் இடமாகவும் ஆக்குவது. மச்சைக் குடும்பத்தார் ஊர் வரும்போது தங்க வைத்துக்கொள்வது. பின்கட்டைக் குடும்பத்தின் நிக்காஹ் நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துவது. அவர் சொன்ன காரணம் எளிமையானது: "பள்ளிக்கூடம் இருந்தப்பத்தான் இந்த வீடு வீடா இருந்துச்சு." பொறியாளரின் ஆய்வும் அதையேதான் சொன்னது. படிப்பகத்துக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம், பகலெல்லாம் சன்னல் திறந்திருக்கும், தினமும் மனிதர் நடமாட்டம் இருக்கும்.

பெரிய வடக்கு அறைக்கு எந்தப் பயனும் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. இதற்குத்தான் எதிர்ப்பு மிகுதியாக இருந்தது. வீட்டிலேயே அகலமான அறையைச் சும்மா போடுவதா என்ற கேள்வி மீண்டும் மீண்டும் எழுந்தது. ஈரமும் உப்பும் இறங்கும் வரை அங்கே எதைப் பூசினாலும் உதிரும், எதை வைத்தாலும் கெடும் என்பதைச் சுவரிலிருந்து உதிர்ந்த தூளைக் கையில் கொடுத்தே விளக்க வேண்டியிருந்தது.

பங்குப் பிரச்சினையில், பணம் கேட்ட ஒரு கிளைக்கு மற்றவர்கள் சேர்ந்து தொகை கொடுத்தார்கள். எஞ்சியவர்கள் பத்திரம் பதிவு செய்து, வீட்டைப் பிரிக்காமல் வைத்திருக்கவும், எந்த அறையை வாடகைக்கு விடுவதானாலும் சகோதரிகள் மூவரின் கிளைகளும் எழுத்தில் இசைய வேண்டும் என்றும் உடன்பட்டனர்.

வேலை நடந்த விதம்

கொத்தனார் முதலில் எதையும் கட்டவில்லை, எடுத்தார். சிமென்ட் பூச்சு உளியால் பொறுமையாகக் கொத்தி எடுக்கப்பட்டது. இயந்திரம் வைத்தால் கல்லும் சேர்ந்து வரும். டைல்ஸ் பெயர்க்கப்பட்டது. முற்றத்துத் தகரம் இறங்கியது. கட்டை முனைகளின் காற்றுவழி திறக்கப்பட்டது. வாய்க்காலைத் தோண்டியபோது பழைய வாட்டம் அப்படியே இருந்தது, மண்தான் அடைத்திருந்தது. இவ்வளவும் முடித்து ஒரு கோடை முழுவதும் சுவரைச் சும்மா காயவிட்டார்கள். வெளியூர்ப் பங்குதாரர்களுக்கு இந்தக் காத்திருப்பு பெரிய சோதனையாக இருந்தது.

பவளக்கல்லை இன்று கடலிலிருந்து எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-இல் பவள உயிரிகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்கு முன் இக்கரையில் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டடங்களுக்கும் எவ்வளவு பவளம் போனது என்பதை நினைத்தால், நாம் காக்க முயலும் இந்த வீடும் அந்தக் கடலிலிருந்து எடுத்தது என்ற உணர்வு வராமல் போகாது. இருப்பதை வீணாக்காமல் நிறுத்திவைப்பது அந்தக் கடனில் ஒரு பகுதி என்று நான் கருதுகிறேன். வீட்டின் கொல்லையில் இடிந்து கிடந்த பழைய தொழுவத்தின் கற்களே சுவரின் இழந்த பகுதிகளுக்குப் பயன்பட்டன. அவற்றை இடம் மாற்றும் முன் வனத்துறைக்கு எழுதித் தெரிவித்து, அனுமதி பெற்ற பிறகே கை வைத்தார்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் அக்கற்கள் வெட்டவெளியில் கிடந்து உப்பு கழுவப்பட்டன. புதிதாக எடுத்த கல்லை அப்படி மழையில் போட்டுத்தான் கட்டுவோம் என்று தம் தகப்பனார் சொல்வார் எனக் கொத்தனார் கூறினார்.

சிப்பிச் சுண்ணாம்பு நீற்றப்பட்டு, வாரக்கணக்கில் தொட்டியில் ஊறி, மணலுடன் அரைக்கப்பட்டது. மாடித் தளத்துக்கான கலவையில் மட்டும் கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்தார்கள். சுவரின் அடிப்பகுதிக்கு எதுவும் சேர்க்காத, மென்மையான, துளைகள் மிகுந்த காரையே பூசப்பட்டது. அது சில ஆண்டுகளில் உப்பை வாங்கிக்கொண்டு உதிரும், உதிர வேண்டும். வடக்கு அறையில் தாள்கூழும் களிமண்ணும் மணலும் குழைத்த ஈரப்பற்று சுவரில் கனமாக அப்பப்பட்டது. காயும்போது அது சுவரிலிருக்கும் உப்பைத் தன்னுள் இழுக்கும். காய்ந்த பற்றை உரித்து வீட்டுக்கு வெளியே அப்புறப்படுத்தி, மறுபடி புதிய பற்று இடப்பட்டது.

உளுத்த கட்டை முனைகள் மட்டும் வெட்டப்பட்டு, இடித்த வேறொரு வீட்டிலிருந்து வாங்கிய பழைய தேக்கு இணைக்கப்பட்டது. தென்பகுதித் தாழ்வாரத்துக்கு வேலை வருவதற்குள் ஐப்பசி மழை முந்திக்கொண்டது. அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, ஆளுக்குச் சேதமில்லை. அந்த இடத்தை மறுபடி கட்டாமல், செடி வைக்கத் திறந்தே விட்டார்கள்.

விளைவு

இரண்டு வடகிழக்குப் பருவமழைகள் கடந்துள்ளன. தெற்குச் சுவரும் முன்கட்டும் உலர்ந்துள்ளன. சுவரடியில் பூசிய காரை இரண்டாம் ஆண்டிலேயே சில இடங்களில் வெண்பூத்து உதிர்ந்தபோது, வேலை தோற்றுவிட்டது என்று ஒரு பங்குதாரர் வருந்தினார். உதிர்ந்த இடங்களைச் சுரண்டி மீண்டும் பூசினார்கள். அதற்கான செலவு ஆண்டுக்கணக்கில் முன்பே ஒதுக்கப்பட்டிருந்தது. மாடித் தளத்தில் ஒழுக்கு இல்லை.

படிப்பகத்துக்குக் காலையில் வருவோர் சிலரே. அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு, மாணவியர் வரும் நேரத்தில், இடம் போதவில்லை. மின்விசிறிக்கும் விளக்குக்கும் கம்பிகள் சுவரைக் குடையாமல் வெளியே மரச்சட்டத்தில் போகின்றன. ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் முன்கட்டைக் குளிர்சாதன வசதியுடன் நல்ல வாடகைக்குக் கேட்டது. சன்னல்களை மூட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக மூன்று கிளைகளும் எழுத்தில் மறுத்துவிட்டன. வருமானம் இல்லாத வீடு எத்தனை ஆண்டு இந்த உறுதியைத் தாங்கும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. பராமரிப்புப் பணம் இப்போது வெளிநாட்டில் இருக்கும் நான்கைந்து பேரின் கையிலிருந்தே வருகிறது.

வடக்கு அறையில் நைட்ரேட் குறைந்திருக்கிறது, போகவில்லை. சுவரின் வெளிப்பகுதியில் நல்ல மாற்றம். ஆழத்தில் எடுத்த தூளில் சிறிதளவே மாற்றம்.

மறுமுறை மாற்றிச் செய்ய வேண்டியவை

பெண் பங்குதாரர்களுடன் முதல் நாளிலேயே அமர்ந்து பேச வேண்டும். உரிமை அவர்களுடையது என்பது ஒரு காரணம்; வீட்டில் தொடர்ந்து வாழ்ந்தவர்கள் அவர்களே என்பதால், எந்த அறையில் எந்த ஆண்டில் என்ன இருந்தது என்ற நினைவும் அவர்களிடமே இருக்கிறது என்பது மற்றொன்று. உரமூட்டைச் செய்தி முதல் வாரத்திலேயே கிடைத்திருந்தால், பொறியாளர் வடக்கு அறையின் தரையடி மண்ணையும் அப்போதே சோதித்திருப்பார். இப்போது அந்த மண்ணிலும் நைட்ரேட் இருக்கலாம் என்று ஐயப்பட்டு, தரையைத் தோண்டி மண் மாற்றுவது குறித்துப் பேச்சு நடக்கிறது.

மழைக்கு முன்னும் பின்னும், கச்சான் காலத்திலும் வாடைக் காலத்திலும், முழு ஓராண்டு சுவரின் ஈரத்தை அளந்து குறித்த பின்னரே செலவுத் திட்டம் போட வேண்டும். கோடையில் மட்டும் எடுத்த அளவை வைத்துத் தொகை சொன்னால் பங்குதாரர்களுக்குப் பின்னால் விளக்கம் சொல்லித் தீராது. தாழ்வாரம் போன்ற பலவீனமான பகுதிகளுக்கு, முழு வேலை தொடங்கும் முன்பே தற்காலிக முட்டு கொடுத்துவிட வேண்டும்.

ஹிபாவாக வீடு பெற்ற குடும்பங்கள், கொடுத்தவரும் சாட்சிகளும் உயிரோடு இருக்கும்போதே அதை ஒரு நினைவுப் பத்திரமாகவாவது எழுதி, வருவாய்ப் பதிவிலும் பெயரை மாற்றிவைப்பது நல்லது. இந்த வீட்டில் பங்கைத் தீர்க்கப் பிடித்த காலம், சுவரைச் சரிசெய்யப் பிடித்த காலத்தைவிட அதிகம்.

வாடகைக்கு விடும் ஒப்பந்தத்தில், என்ன சரக்கு வைக்கக்கூடாது, எந்தச் சன்னலையும் காற்றுவழியையும் அடைக்கக்கூடாது, சுவரிலும் தரையிலும் சிமென்ட் தொடக்கூடாது என்பவற்றைத் தனித்தனி நிபந்தனைகளாக எழுத வேண்டும். இந்தக் குடும்பத்தின் பத்திரத்தில் இப்போது அவை உள்ளன. வடக்கு அறையில் அடுத்த தூள் சோதனை வரும் தை மாதத்தில் நடக்கும். அதன் முடிவைப் பொறுத்தே தரையைத் தோண்டுவது பற்றிச் சகோதரிகள் முடிவு செய்வார்கள்.